சுமந்த பொருளும் கற்காத அறிவும்



காட்டிலும் பாலையிலும் பனிவெளியிலும் சிக்கிய மனிதனின் உயிரைக் காப்பது கையில் உள்ள கருவியா, கருத்தில் உள்ள அறிவா? மலையேறுவோரும் நெடுநடைப் பயணம் மேற்கொள்வோரும் ஓயாது எழுப்பும் வினா இது. நல்ல கூடாரமும், நீர் வடிகட்டியும், செயற்கைக்கோளின் துணையால் இடம் காட்டும் கருவியும் இருந்தால் அச்சமில்லை என்பர் ஒரு சாரார். கருவி பழுதுறும், மின்கலம் தீரும், கற்ற திறனே கடைசிவரை உடன்வரும் என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் வினாவை இவ்வாறு இரு கூறாக வெட்டி நிறுத்தும்போது முதன்மையான ஒன்று விடுபட்டுப் போகிறது. அது யாது என்பதை அறிய, வரலாற்றில் நன்கு பதிவாகியுள்ள ஒரு பயணத்தை முதலிலிருந்து முடிவுவரை நோக்குதல் நலம்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுநிலத்தை ஊடறுத்து 1860, 1861 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற பர்க், வில்ஸ் பயணமே அது. அதன் துயர முடிவில் நீரோரத்துச் செடி ஒன்றுக்குப் பங்கு உண்டு. அச்செடியின் உறவினம் தமிழகத்து வயல் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் வளர்கிறது. ஆரைக்கீரை என்னும் பெயரால் தமிழ் அடுக்களைக்கும் அறிமுகமானது. எனவே இக்கதை தொலைவில் நிகழ்ந்ததாயினும் முற்றிலும் அயலானதன்று.

இருபது டன் சுமை

பொன் வயல்களால் செல்வம் கொழித்திருந்த விக்டோரியக் குடியேற்றம், கண்டத்தின் தென்கரையிலிருந்து வடகரைவரை ஒரு பயணக் குழுவை அனுப்ப விழைந்தது. ஐரோப்பியர் எவரும் அதுவரை அவ்வாறு கடந்ததில்லை. விக்டோரிய ராயல் சங்கம் அமைத்த குழு இப்பணியை மேற்கொண்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஓ'ஹாரா பர்க். அவர் காவல்துறை அதிகாரி, துணிவு மிக்கவர், ஆனால் அந்நிலத்தில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட பட்டறிவு அவருக்கு இல்லை. வில்லியம் ஜான் வில்ஸ் என்பவர் நில அளவையும் வானியலும் கற்ற இளைஞர்; விண்மீன் நோக்கி இருப்பிடம் கணிப்பதில் வல்லவர்.

1860 ஆகஸ்ட் 20 ஆம் நாள் மெல்போர்ன் நகரின் ராயல் பூங்காவிலிருந்து குழு புறப்பட்டது. 19 பேர், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள், 6 வண்டிகள். ஒட்டகங்களில் பெரும்பாலானவை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவை. அவற்றை நடத்த அங்கிருந்தே ஆட்களும் வந்திருந்தனர். சுமையின் எடை ஏறத்தாழ 20 டன். இரண்டு ஆண்டுகளுக்குரிய உணவு, துப்பாக்கிகள், வாண வெடிகள், கொடிகள், சேமக்கலம், நாற்காலிகளோடு கூடிய மேசை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். வழியனுப்ப ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வண்டிகளுள் ஒன்று பூங்காவின் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னரே பழுதுற்று நின்றது.

சுமை மிகுந்தமையால் நடை தளர்ந்தது. டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள மெனிண்டீ என்னும் ஊரை அடைய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழிந்தன. வழியிலேயே சுமையைக் குறைக்க வேண்டியதாயிற்று. பால்ரனால்டு என்னுமிடத்தில் கைவிடப்பட்டவற்றுள் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் இருந்தன. நெடும்பயணத்தில் பசுங்காய்கறி கிடைக்காதோரைத் தாக்கும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு நல்மருந்து என்பதைக் கப்பலோட்டிகள் நெடுநாளாக அறிந்திருந்தனர். பின்னர் இக்குழுவினரிடையே அந்நோய் தலைகாட்டியபோது அச்சாறு உடன் இல்லை. எதைச் சுமப்பது, எதை விடுவது என்று தேர்வதும் ஓர் அறிவுதான். அவ்வறிவு எந்தச் சரக்குப் பட்டியலிலும் இடம் பெறுவதில்லை.

கூப்பர் ஓடைக்கரை

1860 நவம்பரில் பர்க் ஒரு சிறு பிரிவுடன் கூப்பர் ஓடையை அடைந்தார். சுற்றிலும் வறண்ட நிலம்; அதன் நடுவே ஆழமான மடுக்களும் மரநிழலும் மீனும் பறவையும் நிறைந்த நீர்த்தடம். யாந்துருவாந்தா என்னும் தொல்குடி மக்களுக்கு அது தாய்நிலம். எண்ணற்ற தலைமுறைகளாக அவர்கள் வாழ்ந்துவந்த இடம்.

அங்கே ஒரு தங்குமிடம் அமைத்து, வில்லியம் பிராஹே என்பவரைப் பொறுப்பில் நிறுத்திவிட்டு, டிசம்பர் 16 ஆம் நாள் பர்க், வில்ஸ், ஜான் கிங், சார்லஸ் கிரே ஆகிய நால்வரும் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். ஆறு ஒட்டகங்கள், ஒரு குதிரை, மூன்று மாதங்களுக்குரிய உணவு ஆகியன அவர்களுடன் சென்றன. 1861 பிப்ரவரியில் பர்க்கும் வில்ஸும் கார்பென்டேரியா வளைகுடாவின் அருகே சென்று சேர்ந்தனர். அலையாத்திக் காடும் சதுப்பும் மறித்தமையால் திறந்த கடலைக் காணாமலேயே திரும்பினர். கண்டத்தைக் கடந்த அரிய செயல் முடிந்தது. மீளும் வழிக்குரிய உணவு மட்டும் போதவில்லை. சுமை விலங்குகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன, சில உணவாயின. ஏப்ரல் 17 ஆம் நாள் கிரே இறந்தார். அவரைப் புதைக்க மற்ற மூவரும் ஒரு நாள் தங்கினர்.

ஏப்ரல் 21 ஆம் நாள் மாலை மூவரும் தங்குமிடத்தை அடைந்தனர். அங்கே எவரும் இல்லை. மூன்று மாதம் காத்திருக்குமாறு பணிக்கப்பட்ட பிராஹே, நான்கு மாதங்களுக்கும் மேலாகக் காத்திருந்து, நோயுற்ற தோழர்களுடன் அன்று காலையிலேதான் புறப்பட்டுச் சென்றிருந்தார். தோண்டுக என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் அங்கிருந்த மரமொன்றில் செதுக்கப்பட்டிருந்தது. தோண்டிய இடத்தில் மாவும் அரிசியும் சர்க்கரையும் உலர் இறைச்சியும் கிடைத்தன. ஒரு பகற்பொழுதில் தவறிய சந்திப்பு என்று இந்நிகழ்ச்சியை நூலோர் பலரும் உருக்கத்துடன் எழுதியுள்ளனர். பின்தொடர்ந்து செல்ல வலுவற்ற மூவரும், தென்மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் மவுண்ட் ஹோப்லஸ் என்னும் மலைப்பக்கத்தில் இருந்த குடியிருப்பை நோக்கி நடந்தனர். நீரின்மையால் அம்முயற்சி முறிந்தது. மே மாதத்தில் கடைசி ஒட்டகமும் இறந்தது. அதன்பின் சுமக்க விலங்கும் இல்லை. சுமப்பதற்குப் பெரிதாகப் பொருளும் இல்லை.

இக்கட்டத்தில்தான் தலைப்பின் வினா உண்மையில் தொடங்குகிறது. இருபது டன் கருவிகளும் உணவும் இப்போது கதையினின்று நீங்கிவிட்டன. எஞ்சியவை ஓடையும் அதன் கரையில் வாழ்ந்த மக்களுமே. மூவரைத் தவிர அக்கரையில் பசியால் மடியும் நிலையில் எவரும் இல்லை.

நார்டூ என்னும் ஆரை

யாந்துருவாந்தா மக்கள் அம்மூவரையும் பகைவராக நடத்தவில்லை. மீன் கொடுத்தனர்; தம் குடில்களுக்கு அழைத்தனர்; ஒருவகை மாவினால் செய்த அப்பமும் கொடுத்தனர். அம்மாவு நார்டூ என்னும் செடியிலிருந்து பெறப்பட்டது. நார்டூ பூக்காத, விதையற்ற பெரணி இனத்துச் செடி. நான்கு சிற்றிலைகள் ஒரு காம்பின் உச்சியில் கூடிநிற்கும். வெள்ளம் வடிந்த சேற்றில் அது காய்ந்தபின், வித்துத்துகள் பொதிந்த சிறு கடினக் காய்கள் எஞ்சிக் கிடக்கும். பறித்தெடுக்கப்படுவது அக்காயே. தாவரவியலார் மார்சீலியா என வழங்கும் பேரினத்தைச் சேர்ந்தது இது. தமிழகத்து ஆரையும் அதே பேரினம். தமிழர் இலையை உணவாகக் கொண்டனர். கூப்பர் ஓடை மக்கள் காயை உணவாகக் கொண்டனர்.

மே மாத நடுவில், நார்டூ காய்த்துக் கிடக்கும் நிலத்தை மூவரும் தாமே கண்டறிந்தனர். இனிப் பட்டினி இல்லை என்று மகிழ்ந்தனர். பொறுக்கினர், இடித்தனர், மாவாக்கினர், களி கிண்டியும் அப்பம் சுட்டும் உண்டனர். நாளொன்றுக்கு நான்கைந்து பவுண்டு அளவு உண்டதாக வில்ஸின் நாட்குறிப்பு தெரிவிக்கிறது. வயிறு நிறைந்தது. உடலோ நாளுக்கு நாள் மெலிந்தது. கால்கள் தள்ளாடின, நாடி தளர்ந்தது. பசி அடங்கியிருக்க, உடல் மட்டும் உருகிப் போவதன் காரணம் விளங்காமல் அக்கூரிய அறிஞர் தம் நிலையைத் தாமே குறித்துவைத்துக்கொண்டு வந்தார். தந்தைக்கு அவர் எழுதிய இறுதிக் கடிதம் 1861 ஜூன் 27 ஆம் நாளிடப்பட்டது. சில நாட்களுக்குள் அவரும் பர்க்கும் இறந்தனர்.

இம்மரணங்களுக்கு நெடுங்காலம் பட்டினியும் களைப்புமே காரணமாகக் கூறப்பட்டன. 1994 இல் ஜான் ஏர்ல், பாரி மெக்கிளியரி என்னும் இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். நார்டூவில் தயமினேஸ் என்னும் நொதி மிகுதியாக உள்ளது. உடலுக்கு இன்றியமையாத தயமினை, அதாவது வைட்டமின் பி1 எனப்படும் சத்தை, அந்நொதி சிதைத்துவிடும். அச்சத்துக் குறைந்தால் பெரிபெரி நோய் தோன்றும், கால்கள் வலுவிழக்கும், உடல் நலியும். யாந்துருவாந்தா மக்களின் செய்முறை இக்கேட்டைத் தணிக்கும் வகையில் அமைந்திருந்தது. காயை அரைக்கும்போது நீரைச் சேர்த்து அரைப்பர். மாவை நீரில் கரைத்துக் கூழாக்குவர். நீர் மிகும்போது நொதியின் செயல் குன்றுகிறது என்பது அவ்வாய்வாளர் கருத்து. பயணியரோ உலர்ந்த காயை உலர்ந்தவாறே இடித்து மாவாக்கினர். பட்டினி, குளிர், உடையின்மை, பிற சத்துக்களின் குறைவு ஆகியனவும் அவர்களை வாட்டின என்பதில் ஐயமில்லை. நார்டூ மட்டுமே கொன்றது என்று துணிவது மிகையாகும். ஆயினும், அதையே முழு உணவாகக் கொண்டோர் நலிந்தமைக்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது.

இங்கே நுட்பமாக நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மூவரும் நார்டூவைக் கையாண்டபோது, அயலகத்துக் கருவிகளைக் கைவிட்டு அந்நிலத்து உணவுக்கு மாறிவிட்டதாகவே கருதியிருப்பர். காட்டில் உயிர்பிழைக்கும் திறன் என்று இன்று போற்றப்படுவதன் மேற்புறம் அவர்களிடம் இருந்தது. செடியை அடையாளம் கண்டனர், காயைத் திரட்டினர், தீ மூட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது பொருளை. விட்டுவிட்டது அப்பொருளைச் சூழ்ந்திருந்த முறையை. முறையிலிருந்து பிரித்தெடுத்த திறன், மெல்போர்னிலிருந்து கொண்டுவந்த மேசையைப் போல இன்னொரு சரக்காகிவிட்டது.

தமிழ் வீடுகளில் இதற்கு எளிய சான்று உண்டு. காறும் கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைப்பதும், தோண்டிய உடனே சமைக்காமல் சில நாள் போட்டுவைத்துப் பழங்கிழங்காக்கிச் சமைப்பதும் வழக்கம். புளி ஏன் என்று கேட்டால் பாட்டி வேதியியல் கூறமாட்டார்; அப்படித்தான் செய்யவேண்டும் என்பார். நாவும் தொண்டையும் அரிப்பெடுத்துத் துன்புற்ற முன்னோர் கண்டறிந்த பாடம் அக்கைப்பழக்கத்தில் உறைந்திருக்கிறது. காரணம் சொல்லத் தெரியாத காரணத்தால் அதைத் தேவையற்ற சடங்கு என்று ஒதுக்குவோர் நாவு அரிக்கும்போதுதான் அதன் அருமையை உணர்வர். நார்டூவை நீர் ஊற்றி அரைப்பதும் இத்தகைய பழக்கமே. அருகில் அமர்ந்து, செய்வதைக் கண்டு, சொன்னபடி செய்தாலன்றி அது கைக்கு வாராது.

கிங் பிழைத்த வரலாறு

அருகில் அமர்வதற்குத் தடையாய் நின்றது யாது? ஜான் கிங் பின்னர் அளித்த சாட்சியம் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. எண்ணெய்த் துணித் துண்டு ஒன்றை யாந்துருவாந்தா இளைஞர் ஒருவர் எடுத்துச் செல்ல, பர்க் அவருடைய தலைக்கு மேலாகச் சுட்டு மிரட்டினார். மற்றொரு முறை மீனும் வலையும் கொண்டு வந்தோரை நெருங்கவிடாது தடுத்து, கொடுத்ததைத் தட்டிவிட்டார். உணவை ஏற்றுக்கொண்டால் அவர்கள் உரிமை கொண்டாடி நெருங்கிவிடுவர் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. அம்மக்கள் சில காலம் விலகிச் சென்றனர். அவர்களை மீண்டும் தேடிச் செல்ல வேண்டும் என்று மூவரும் தெளிந்தபோது, நடக்க இயலாத வில்ஸைக் குடிலில் விட்டுவிட்டுப் பர்க்கும் கிங்கும் புறப்பட்டனர். இரண்டு நாள் தொலைவுக்குள் பர்க் வீழ்ந்தார். கிங் தனியரானார்.

மூவருள் கிங் ஒருவரே உயிர்பிழைத்தார். அவர் மற்ற இருவரையும்விடக் கல்வியில் உயர்ந்தவர் அல்லர். குழுவில் பதவியும் சிறிது. அவர் யாந்துருவாந்தா மக்களைத் தேடிச் சென்று சேர்ந்தார். தம்மிடம் எஞ்சியிருந்த துப்பாக்கியால் காகம் முதலிய பறவைகளைச் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். பெண்ணொருத்தியின் கையில் இருந்த புண்ணை வெந்நீரால் கழுவி, தம்மிடம் இருந்த வெள்ளி நைட்ரேட்டை மருந்தாக இட்டார். அவள் அவருக்கு நார்டூ கொண்டுவந்தாள். மற்றோர் மீன் கொடுத்தனர். தம் குடில்களின் அருகே இடம் ஒதுக்கினர். முதலில் அவரைப் பாரமாகக் கருதியோரும் நாளடைவில் தம்முள் ஒருவராகக் கொண்டனர். ஆல்ஃபிரட் ஹோவிட் தலைமையிலான தேடுதல் குழுவினர் 1861 செப்டம்பர் 15 ஆம் நாள் அவரைக் கண்டனர். ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் அவர் அம்மக்களோடு வாழ்ந்திருந்தார்.

கிங்கின் கையில் கருவிகள் இருந்தன என்பது மறக்கத்தக்கதன்று. துப்பாக்கியும் மருந்தும் மெல்போர்னிலிருந்து வந்தவையே. பர்க்கின் கையில் மிரட்டுவதற்குப் பயன்பட்ட துப்பாக்கி, கிங்கின் கையில் விருந்தோம்பலுக்கு ஈடு செய்யும் பொருளாயிற்று. கருவி ஒன்றே, அதை ஏந்தியவருக்கும் எதிரில் நின்றவருக்கும் இடையே இருந்த உறவு வேறு.

இப்பயணத்தில் மாண்டவர் மொத்தம் 7 பேர். பர்க், வில்ஸ் இருவருக்கும் 1863 ஜனவரியில் மெல்போர்னில் அரசு மரியாதையுடன் இறுதி ஊர்வலம் நடந்தது. 1865 இல் சிலை எழுந்தது. சிலையில் இருப்போர் அவ்விருவரே. உயிரோடு மீண்ட கிங் 1872 இல் இளவயதிலேயே மறைந்தார். அவரைக் காத்தவர்களுக்குப் பித்தளை மார்புத்தகடுகள் பரிசாக அனுப்பப்பட்டன. ஆனால் பின்வந்த பத்தாண்டுகளில் அவர்களுடைய ஓடைக்கரை மேய்ச்சல் நிலமாக மாறியது. அந்நிலத்தைப் படித்து வாழும் அறிவுடையோர் அந்நிலத்தை இழந்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பின்னுரை.

பனிவெளியில் ஒரே தீவு

ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று எனலாம். எனவே முற்றிலும் மாறுபட்ட நிலமொன்றையும் நோக்குதல் தகும். கனடாவின் வடபால் உறைபனிக் கடலில் கிங் வில்லியம் தீவு உள்ளது. 1845 இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் புறப்பட்ட பிரிட்டிஷ் குழு அத்தீவின் அருகே பனியில் சிக்கியது. நீராவி இயந்திரம், தகரப்பெட்டியில் அடைத்த உணவு, ஆயிரத்துக்கும் மிகுந்த நூல்கள் கொண்ட நூலகம் ஆகியவை அக்கப்பல்களில் இருந்தன. 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தனர். மொத்தம் 129 பேருள் ஒருவரும் மீளவில்லை. 1859 இல் மெக்கிளின்டாக் என்பவரின் தேடுதல் குழு, சறுக்குவண்டியில் ஏற்றப்பட்ட படகு ஒன்றைக் கண்டது. அதில் இரு எலும்புக்கூடுகளும், பட்டுக் கைக்குட்டைகளும், வெள்ளிக் கரண்டிகளும், நூல்களும், சாக்லேட்டும் இருந்தன. வலுவிழந்த மாந்தர் அச்சுமையைப் பனியில் இழுத்துச் சென்றிருக்கின்றனர்.

அதே தீவில் 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலங்களை நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சென் ஒரு சிறு கப்பலுடனும் ஆறு தோழர்களுடனும் கழித்தார். அங்கு வாழும் நெட்சிலிக் இனூயிட் மக்களிடம் அவர் மாணவராக இருந்தார். தளர்வான மான்தோல் உடையை அணியும் முறை, நாய்களைப் பூட்டிச் சறுக்குவண்டி ஓட்டும் முறை, பனிக்கட்டியால் குடில் எழுப்பும் முறை ஆகியவற்றை அவர்களிடம் கண்டும் செய்தும் கற்றார். தென்துருவத்தை 1911 டிசம்பர் 14 ஆம் நாள் அவர் குழு முதலாவதாகச் சென்றடைந்ததில் இக்கல்விக்குப் பங்கு உண்டு.

அமுண்ட்சென் கருவிகளை வெறுத்தவர் அல்லர். மண்ணெண்ணெய் அடுப்பையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் எரிபொருள் கலன்களையும் கொண்டு சென்றார். கலன்களின் வாயை ஈயப்பற்று வைத்து இறுக மூடினார். அதே பருவத்தில் துருவம் சென்று, மீளும் வழியில் 1912 இல் மாண்ட ஸ்காட் குழுவினரின் கலன்களிலோ தோல் வளையத்தின் வழியே எரிபொருள் கசிந்து குறைந்திருந்தது. கடுங்குளிரில் ஒரு மூடி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிவதும் அறிவே. ஆகவே கருவியை ஒருபுறமும் திறனை மறுபுறமும் நிறுத்திப் போர் மூட்டுவது பொருந்தாது. நெட்சிலிக் மக்களின் தோலுடையும் கருவிதான். கூப்பர் ஓடையின் அரைக்கல்லும் கருவிதான். அரைக்கற்கள் அப்பகுதியில் நெடுந்தொலைவு பண்டமாற்றாய்க் கைமாறி வந்தவை. கனமானவையாதலால் தங்கும் இடங்களிலேயே விட்டுவைக்கப்பட்டவை. மறுமுறை வருவோருக்குப் பயன்படுபவை. எவரும் தனியாளாய் நின்று அங்கே வாழவில்லை. கத்தி ஒன்றைக் கையில் ஏந்திக் காட்டை வெல்லும் தனிவீரன் கதைக்கு உரியவன். உண்மையில் வாழ்ந்த மக்களிடையே அவனைக் காண்பது அரிது.

ஃபிராங்க்ளின் கப்பல்களைப் பற்றி இனூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்திகளும் இங்கு எண்ணத்தக்கவை. அக்கப்பல்களுள் எரபஸ் 2014 இலும் டெரர் 2016 இலும் கடலடியில் கண்டறியப்பட்டன. நவீன ஒலியலைக் கருவிகள் தேடலுக்கு உதவின; எங்கே தேடுவது என்பதற்கு வாய்மொழிச் செய்திகள் துணைநின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்பாரற்றிருந்த நினைவு, கருவியோடு சேர்ந்தபோது பயன் தந்தது.

கவிஞர்க்கு இதில் என்ன?

தமிழ் அகப்பொருள் இலக்கணம் நிலத்தைப் பாடும்போது கருப்பொருள் என்று ஒரு தொகுதியை வகுத்தது. அதில் தெய்வமும் உணவும் மாவும் மரமும் புள்ளும் பறையும் செய்தியும் யாழும் ஒன்றாக இடம்பெறுகின்றன. உணவு ஓர் ஏட்டிலும், பறையென்னும் கருவி வேறோர் ஏட்டிலும், தொழில் மற்றோர் ஏட்டிலுமாகப் பிரித்து வைக்கப்படவில்லை. அந்நிலத்து மக்களின் வாழ்வில் அவை ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்னும் தெளிவு அவ்வகுப்பில் உண்டு. கூப்பர் ஓடையில் காயும் அரைக்கல்லும் நீரும் அரைக்கும் பெண்ணும் அவ்வாறே ஒரு தொகுதியாய் இருந்தனர். பர்க் குழுவினர் அத்தொகுதியிலிருந்து காயை மட்டும் தனியே பெயர்த்தெடுத்தனர்.

செய்யுள் பயில்வோருக்கும் இது புதிதன்று. அசையும் சீரும் தளையும் நூலில் உள்ளன. எவரும் வாங்கிப் படிக்கலாம். எனினும் ஓசை பிழைத்த இடத்தை உடன் அமர்ந்து கேட்டவர் சுட்டிக்காட்டும்போதுதான் செவி பழகுகிறது. வாய்பாட்டை மட்டும் கொண்டு அடியை நிரப்பியவர்க்கு எண்ணிக்கை நிறைகிறது, பாட்டு மெலிகிறது. ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் திங்கள்தோறும் கூடியதன் பயன், அச்சேறிய மலரில் எவ்வளவு உண்டோ அதற்குக் குறையாமல் அவ்வுடனமர்தலிலும் உண்டு.

இன்று ஒரு சிறு கருவியின் திரையில் பல்லாயிரம் நூல்கள் அடங்குகின்றன. வழி கேட்க அண்டை வீட்டாரும் தேவைப்படுவதில்லை. அக்கருவிகளை ஒதுக்குமாறு எவருக்கும் அறிவுரை கூறத் தேவையில்லை. ஊரில் கீரை பறிக்கும் முதியவளும், கிணற்று நீரின் சுவையைக் கொண்டு பருவத்தைச் சொல்லும் உழவரும், காட்டுக் கிழங்கை ஆய்ந்து எடுக்கும் பழங்குடிப் பெண்ணும் இன்னும் வாழும்போதே அவர்களருகே சென்று அமர்வதற்கு நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவர்களுடைய சொற்கள் கவிதைக்கு வேண்டும். அச்சொற்களோடு பிணைந்த செய்முறையும் சேர்ந்து வரவேண்டும். ஆரை என்னும் சொல்லைச் செய்யுளில் வைப்பதற்கு முன், அதைப் பறித்து ஆய்ந்து சமைக்கும் ஒருவரை ஒருமுறை கேட்டறிதல் கவிஞர்க்கு நன்று.

வட்டம் மேலும் பல்லாண்டு கூடிப் பயில்க.